கிளியர் அலைனர் எனக்கு ஒத்துவருமா? பெரியவர்கள் படிப்படியாக முடிவெடுக்க ஒரு வழி

முப்பது, நாற்பது வயதுக்கு மேல் பல் வரிசையைச் சரிசெய்ய நினைப்பவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "எந்த பிராண்ட் நல்லது?" என்றுதான். அது கடைசியாகக் கேட்க வேண்டியது. ஈறும் எலும்பும் தயாராக இருக்கின்றனவா, பல் எப்படி நகர வேண்டியிருக்கிறது, ஒரு நாளில் 22 மணி நேரம் அலைனரை, அதாவது பல்லின் மேல் மாட்டும் ஒளிபுகும் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை, வாயில் வைத்திருக்க முடியுமா என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

வயதைப் பற்றிய பயம் மட்டும் வேண்டாம். பல்லை ஒரு பக்கமாக மெதுவாகத் தள்ளினால் அது போகும் பக்கத்து எலும்பு கரைந்து வழிவிடும். பின்னால் புது எலும்பு வளரும். கம்பியானாலும் அலைனரானாலும் நடப்பது இதுதான், எந்த வயதிலும் நடக்கும்.

படி 1: உறுத்துவது எது என்று எழுதிவையுங்கள்

"முன்பல்லில் இடைவெளி", "கீழ்ப்பற்கள் நெருக்கியடிக்கின்றன", "கடிக்கும்போது ஒரு பக்கம்தான் படுகிறது" என்று ஒரே வரி போதும். பிறகு கண்ணாடி முன் நின்று, கடைவாய்ப் பற்கள் சேரும்படி கடித்து, உதட்டை விலக்கிப் பாருங்கள். மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களை மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மூடியிருந்தால் சாதாரணம். கீழ்ப்பற்கள் முழுக்க மறைந்துபோனாலோ, மேல்பற்களுக்கு முன்னால் கீழ்ப்பற்கள் நின்றாலோ, கடைவாய் சேர்ந்தும் முன்னால் திறந்தே இருந்தாலோ, அது வெறும் வரிசைப் பிரச்சினையாக இல்லாமல் இருக்கலாம். தாடை எலும்பே ஏறுமாறாக இருந்தால் எந்தத் தகடும் தனியாக அதைச் சரிசெய்யாது. சிலருக்கு அறுவை சிகிச்சை வரை பேச வேண்டிவரும்.

படி 2: முதலில் ஈறு

பெரியவர்கள் அவசரத்தில் தாண்டிப்போகும் படி இதுதான். பல் துலக்கும்போது ரத்தம் வருகிறதா? ஏதாவது பல் ஆடுகிறதா? முன்பு நெருக்கமாக இருந்த முன்பற்களுக்கு நடுவே சமீப வருடங்களில் இடைவெளி விழுந்திருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு "ஆமாம்" என்றால் கூடுதல் கவனம் தேவை. நடுவயதில் புதிதாக விழும் இடைவெளிக்கு ஈறு நோயால் எலும்பு குறைந்ததும் ஒரு காரணமாக இருக்கும். வீக்கம் அடங்காத ஈறில் பல்லை நகர்த்தினால் மிச்சமிருக்கும் எலும்பும் வேகமாகப் போகும்.

பல் மருத்துவர் மெல்லிய அளவுகோலைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு ஆழம் பார்ப்பார். 3 மி.மீ. வரை பெரும்பாலும் கவலையில்லை. அதற்கு மேல் போனால் முதலில் ஈறு சிகிச்சை. நோய் கட்டுக்குள் வந்த பிறகு பல்லை நகர்த்தலாம், அதற்குத் தடையில்லை.

இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதித்த செயற்கைப் பல்) இருந்தால் சொல்லிவிடுங்கள். அது எலும்போடு ஒட்டியது, நகராது. திட்டத்தை அதைச் சுற்றித்தான் போட வேண்டும். சர்க்கரை நோய், புகைப்பழக்கம், எலும்புத் தேய்மானத்துக்கு எடுக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் கேட்காமலே சொல்லுங்கள். குறிப்பாக அந்த எலும்பு மருந்துகள் பல் நகரும் விதத்தையும் தாடை எலும்பு ஆறுவதையும் பாதிக்கக்கூடியவை.

படி 3: உங்கள் பல் போக வேண்டிய பாதை

அலைனர் ஒரு பிளாஸ்டிக் உறை. பல்லின் வெளியே தெரியும் பகுதியைப் பிடித்துத் தள்ளும். எலும்புக்குள் இருக்கும் வேர்மேல் அதற்கு நேரடிப் பிடி கிடையாது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், எது அதற்கு எளிது, எது கடினம் என்பது ஓரளவு விளங்கிவிடும்.

சிறிய இடைவெளியை மூடுவது, லேசான நெருக்கத்தைப் பிரிப்பது, சாய்ந்த பல்லை நிமிர்த்துவது எல்லாம் எளிது. உருண்டையான கோரைப்பல்லைத் திருப்புவது கடினம், உறை வழுக்கும். பல்லை ஈறிலிருந்து கீழே இழுப்பதும், வேரைத் தனியாக நகர்த்துவதும் அப்படித்தான். பல் பிடுங்கிய பெரிய இடத்தை மூடும்போது பற்கள் குழிக்குள் சாய்ந்துவிட வாய்ப்பு உண்டு. அனுபவமுள்ளவர் கையில் இவையும் நடக்கும். ஆனால் கம்பி அதே வேலையை அலட்டாமல் செய்யும் என்றால், கண்ணுக்குத் தெரியாது என்பதற்காக மட்டும் அலைனரைப் பிடித்துத் தொங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு தகடு பல்லைச் சுமார் கால் மில்லிமீட்டர்தான் நகர்த்தும். ஒரு பல் 3 மி.மீ. போக வேண்டுமென்றால் குறைந்தது 12 தகடுகள். வாரம் ஒன்று மாற்றினால் மூன்று மாதம், இரண்டு வாரத்துக்கு ஒன்று என்றால் ஆறு மாதம். "எனக்கு எவ்வளவு நாள் ஆகும்?" என்பதன் அடிப்படைக் கணக்கு இதுதான்.

முழுக்க மறைவாக இருக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். பிடிமானத்துக்காகப் பல்லில் பல் நிறத்தில் சிறு மேடுகள் ஒட்டுவார்கள். அட்டாச்மென்ட் என்று பெயர். பேசும்போது தெரியாது, கிட்டத்தில் பார்த்தால் தெரியும். இடம் போதாவிட்டால் பற்களுக்கு நடுவே எனாமலை மிக மெல்லியதாகத் தேய்ப்பதும் உண்டு. நெருக்கமான பற்கள் நேரான பிறகு ஈறோரம் சிறு கறுப்பு முக்கோண இடைவெளி தெரியலாம். பெரியவர்களுக்கு இது சகஜம். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: தகடு இல்லாமலே ஒத்திகை

இதற்குச் செலவு கிடையாது. ஒரு வாரம், தண்ணீர் தவிர வேறு எது வாய்க்குள் போனாலும் தொடங்கிய நேரத்தையும் பல் துலக்கி முடித்த நேரத்தையும் குறித்துவையுங்கள். உங்களுக்கு இருப்பது நாளுக்கு இரண்டு மணி நேரம். மூன்று வேளைச் சாப்பாட்டுக்குத் தலா 25 நிமிடம், துலக்க ஐந்து நிமிடம் என்றாலே ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. இரண்டு முறை டீ, நடுவில் ஒரு நொறுக்குத்தீனி வந்தால் கணக்கு இடிக்கும். தகட்டோடு டீ குடிக்கலாமா என்றால், சூட்டில் தகடு வளையும், கறை படியும், சர்க்கரை பல்லோடு அடைபட்டுக் கிடக்கும்.

குறிப்பில் மூன்று மணி நேரத்துக்கு மேல் வந்தால், எந்த வேளையை விடுவேன் என்று யோசியுங்கள். விட மனமில்லை என்றால் கம்பியே மேல். அது கழற்ற முடியாதது, அதனால் உங்கள் மன உறுதியை நம்பி இருக்காது. நாள் முழுக்கப் பேசும் வேலையில் இருப்பவர்கள் முதல் சில நாட்கள் 'ச', 'ஸ' ஒலிகள் குழறும் என்பதையும் கணக்கில் வைக்கலாம். பெரும்பாலும் சீக்கிரம் பழகிவிடும்.

படி 5: நிபுணரிடம் கேட்க வேண்டியவை

கம்பி, அலைனர் இரண்டும் செய்யும் பல் சீரமைப்பு நிபுணரைப் பாருங்கள். ஒன்றை மட்டும் விற்பவரிடம் எல்லாப் பல்லுக்கும் அந்த ஒன்றே மருந்தாக இருக்கும். எக்ஸ்ரே எடுத்து, ஈறு ஆழம் பார்த்து, கடியைச் சோதித்த பிறகே திட்டம் வர வேண்டும். வீட்டில் அச்செடுத்து அனுப்பினால் தகடு வரும் என்ற முறையில் இந்தச் சோதனைகள் விடுபட்டுப்போகலாம். அந்த வழியில் பெரிதாக வளர்ந்த ஸ்மைல் டைரக்ட் கிளப் என்ற நிறுவனம் 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது, சிகிச்சையின் நடுவில் இருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

திரையில் பற்கள் வழுக்கிக்கொண்டு வரிசையாகும் அசைபடத்தைக் காட்டுவார்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் திரையில் எலும்பு எதிர்ப்பது கிடையாது, அது திட்டம் மட்டுமே. அதைப் பார்த்தபடியே கேளுங்கள்:

- இதில் எந்தப் பல் சொன்னபடி வராமல் போகலாம்?
- வராவிட்டால் மறுபடி ஸ்கேன் எடுத்துப் புதுத் தகடுகள் தருவீர்களா, அதற்குத் தனிக் கட்டணமா?
- பாதியில் கம்பிக்கு மாற வேண்டிவந்தால் என்ன ஏற்பாடு?
- என் பல்லுக்குக் கம்பியில் கிடைத்து இதில் கிடைக்காதது என்ன?

நாலாவது கேள்விக்கு "எல்லாமே ஒன்றுதான்" என்று பதில் வந்தால் இன்னொருவரையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் ரிட்டெய்னர், அதாவது நேரான பல்லை அதே இடத்தில் பிடித்துவைக்கும் தகடு. பல் நேரானதும் பழைய இடத்துக்குத் திரும்பவே பார்க்கும். முதலில் சில மாதம் பெரும்பாலான நேரமும், பிறகு இரவுகளிலும் போட வேண்டியிருக்கும். எத்தனை வருடம் என்று கேட்டால், நேராக இருக்க வேண்டும் என்று விரும்பும் வரை. கீழ் முன்பற்களின் உள்பக்கம் மெல்லிய கம்பி ஒட்டுவதும் ஒரு வழி. இரண்டில் உங்களுக்கு எது, அதற்கான செலவு மொத்தத் தொகைக்குள் வருகிறதா என்பதைக் கையெழுத்துப் போடுமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.