பூஞ்சை ஒத்துக்கொள்ளாதவர்கள் மழைக்காலச் சென்னையில் தற்காலிக வீடு பார்ப்பது எப்படி

ஐப்பசியில் இரண்டு அடைமழை பெய்தால் போதும், சென்னையில் பல வீடுகளின் சுவரில் ஓதம் ஏறி, அலமாரித் துணியில் வெள்ளைப் பூசணம் பூத்துவிடும். பெரும்பாலோர் துடைத்துப்போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள், பூஞ்சை ஒவ்வாமை உள்ளவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் அப்படி இருக்க முடியாது. சுவரைக் கொத்திப் பூசி, காயவைத்து முடிக்கும்வரை வேறு இடம் தேவை. மூச்சிரைப்போடு அவசரத்தில் பிடிக்கும் இடம் விட்டுவந்த வீட்டைவிட மோசமாக அமைந்துவிடுவதும் உண்டு. எதை, எந்த வரிசையில் பார்ப்பது என்று தெரிந்திருந்தால் அதைத் தவிர்க்கலாம்.

பூஞ்சை வித்து இல்லாத வீடே கிடையாது. காற்றில் அது எப்போதும் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. அது முளைக்கத் தண்ணீர் வேண்டும். நனைந்த பலகையோ மெத்தையோ 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவில்லை என்றால் முளைத்துவிடும். ஆகவே வீடு பார்க்கும்போது கறுப்புத் திட்டு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று தேடுங்கள். திட்டை ஒரு டப்பா பெயிண்ட் மறைத்துவிடும், வழியை மறைப்பது கடினம்.

இன்றிரவே கிளம்ப வேண்டும் என்றால்

முதல் ஓரிரு இரவுக்கு லாட்ஜோ சர்வீஸ் அப்பார்ட்மென்டோதான் கைகொடுக்கும். நட்சத்திர எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம். தரைக்குக் கார்ப்பெட்டும் சுவருக்கு வால்பேப்பரும் ஒட்டிய விலையுயர்ந்த அறையைவிட, டைல்ஸ் போட்ட எளிய அறை உங்களுக்கு நல்லது. போனில் இப்படிக் கேளுங்கள்: “சார், ரூம்ல கார்ப்பெட்டா டைல்ஸா? ஸ்பிளிட் ஏசியா, சென்ட்ரல் ஏசியா? ஜன்னலைத் திறக்க முடியுமா? பாத்ரூம்ல ஜன்னலோ எக்ஸாஸ்ட்டோ இருக்கா? ரூம் ஃப்ரெஷ்னர் அடிக்காம கொடுக்க முடியுமா?” கடைசிக் கேள்வி முக்கியம். வாசனை அடித்த அறையில் ஈர வாடையைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு இரவுக்கு மட்டும் பணம் கட்டுங்கள். சாவி வாங்கியதும் பெட்டியை வெளியே வைத்துவிட்டு அறையை மட்டும் பாருங்கள். சரியில்லை என்றால் அங்கேயே வேறு அறை கேட்கலாம்.

ஊர்ப்பக்கம் உறவினர் வீட்டுக்குப் போய்விடலாம், கிராமத்துக் காற்று சுத்தம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த வீட்டில் நெல் மூட்டை அடுக்கியிருக்கிறதா, வைக்கோல் போர், மாட்டுத் தொழுவம் பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். நனைந்த வைக்கோலும் ஈரத் தானியமும் பூஞ்சை வித்துக்குப் பெரிய ஊற்று. கொடைக்கானல், ஊட்டி என்று மலைக்குக் கிளம்புவதும் இதே தவறுதான். மூடுபனியில் அங்கே கம்பளியும் மரத்தரையும் எளிதில் காய்வதில்லை.

எத்தனை நாளைக்கு

இதை முன்கூட்டியே கணக்குப் போடாமல்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். கொத்தனார் “பத்து நாள் வேலை” என்பார். வேலை பத்து நாள்தான். பூசிய சுவர் காய அதன்மேல் நாலு வாரமாவது ஆகும், மழை தொடர்ந்தால் இன்னும் கூடும். ஆறு வாரத்துக்குக் குறையாமல் இடம் பாருங்கள். பத்து நாளைக்கு லாட்ஜ் போட்டுவிட்டு, அது முடிந்ததும் கைக்குக் கிடைத்த வீட்டில் நுழைவதுதான் ஆபத்து.

எந்த வீட்டைப் பார்க்கவே வேண்டாம்

தரைத்தளத்தை விட்டுவிடுங்கள். மண்ணிலிருந்து சுவர் வழியே ஈரம் மூன்றடி வரைக்கும் ஏறும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள தளத்தையும் விட்டுவிடுங்கள், மொட்டை மாடித் தரையில் ஒரு விரிசல் போதும். நான்கு மாடிக் கட்டடம் என்றால் முதல், இரண்டாம் மாடிகளில் தேடுங்கள். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் சாய்த்து அடிக்கும். அந்தப் பக்கத்து வெளிச்சுவரை ஒட்டிய படுக்கையறையைக் கூடுதலாகச் சோதியுங்கள்.

வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் போன்ற பகுதிகளில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பொங்கல் சமயத்தில் இப்படிப்பட்ட இடத்தில் தரைத்தள வீடு புதுப் பெயிண்ட்டோடு குறைந்த வாடகைக்கு வந்தால், ஏன் குறைவு என்று யோசியுங்கள். புரோக்கரிடம் கேட்பதைவிடத் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடமோ பெட்டிக்கடைக்காரரிடமோ கேளுங்கள்: “அண்ணே, போன வெள்ளத்துல இந்தத் தெருவுல தண்ணி எவ்வளவு உயரம் நின்னுச்சு?” கையால் இடுப்பையோ முழங்காலையோ தொட்டுக் காட்டிவிடுவார். காம்பவுண்ட் சுவரிலும் மின்மீட்டர் பெட்டியின் அடியிலும் சேற்றுக்கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டுக்குள் வெள்ளையடிப்பவர்கள் இந்த இடங்களைப் பெரும்பாலும் தொடமாட்டார்கள்.

வீட்டைச் சோதிக்கும் முறை

நோயாளி முதலில் போக வேண்டாம். ஒவ்வாமை இல்லாத ஒருவர் போய்ப் பார்த்து, தேறிய வீட்டுக்கு மட்டும் நோயாளி என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு போகட்டும். கவசம் வித்தைத் தடுக்கும், வாடையைத் தடுக்காது. ஆகவே போட்டுக்கொண்டே மோந்து பார்க்கலாம். கதவைத் திறந்த முதல் மூச்சில் என்ன வாடை வந்தது என்று அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். சில நிமிடங்களில் மூக்கு பழகிவிடும். சாம்பிராணி, ஊதுபத்தி, பாச்சை உருண்டை வாசனை தூக்கலாக இருந்தால், ஜன்னல்களை மூடிவைக்கச் சொல்லிவிட்டு மறுநாள் காலை திரும்பப் போங்கள். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் என்றால் இன்னும் நல்லது.

டார்ச்சைச் சுவருக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சுவரை ஒட்டிப் பிடியுங்கள். பெயிண்ட்டின் கொப்புளமும் உப்பலும் நிழலாகத் தெரியும். பிறகு இந்த இடங்கள்: பாத்ரூம் சுவரின் மறுபக்கம், சிங்க்குக்குக் கீழ் அலமாரி, பரண், சுவரோடு ஒட்டிச் செய்த பிளைவுட் அலமாரியின் பின்பலகை, ஃபால்ஸ் சீலிங்கில் பழுப்பு வளையம், கட்டிலின் தலைமாட்டுப் பின்புறம். பாத்ரூம் கதவின் நிலையை அடியில் விரலால் அழுத்துங்கள். உறுதியான மரமாக இல்லாமல் பிஸ்கட்போல அமுங்கினால், அல்லது மேல்தகடு ஏடேடாகப் பிரிந்து நின்றால், அந்தத் தரையில் தண்ணீர் தேங்கிக்கொண்டே இருக்கிறது என்று பொருள்.

சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பதெல்லாம் பூஞ்சை அல்ல. உப்பும் பூக்கும். தண்ணீர் தெளித்தால் உப்பு கரைந்துவிடும், பூஞ்சை கரையாது. ஆனால் உப்பு என்று தெரிந்தவுடன் நிம்மதி அடைய வேண்டாம். ஈரம்தான் அந்த உப்பைச் சுவருக்கு வெளியே கொண்டுவந்தது. கறுப்புப் புள்ளி அழுக்கா பூஞ்சையா என்று தெரிய, ஒரு சொட்டு ப்ளீச் விட்டுப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் நிறம் வெளுத்தால் பெரும்பாலும் பூஞ்சை. இதை ஜன்னலைத் திறந்துவைத்து, ஒவ்வாமை இல்லாதவர் செய்ய வேண்டும். ப்ளீச்சோடு டாய்லெட் கழுவும் ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும்.

ஏசியைத் திறந்து பார்க்காமல் எந்த வீட்டையும் முடிக்காதீர்கள். முன்மூடியைத் தூக்கி ஃபில்டரைக் கழற்றுங்கள். ஃபில்டரில் தூசு இருந்தால் கழுவிவிடலாம், அது பிரச்சினை இல்லை. மின்சாரத்தை அணைத்துவிட்டு, காற்று வெளியே வரும் பிளவுக்குள் போன் டார்ச்சை அடித்தால் நீளமான உருளை தெரியும். அதன் இறக்கைகளில் கறுப்பாகப் பொடிப்பொடியாக அப்பியிருந்தால், ஏசி போடும் ஒவ்வொரு முறையும் அது அறைக்குள் கொட்டும். பக்கத்து இறக்கையின் சுத்தமான பிளாஸ்டிக் நிறத்தோடு ஒப்பிட்டால் எளிதில் தெரியும். வீடு மற்றபடி நன்றாக இருந்தால் இதை நிபந்தனையாக வையுங்கள்: மெக்கானிக் உருளையையும் தண்ணீர்த் தட்டையும் கழற்றி, அறைக்கு வெளியே எடுத்துக் கழுவ வேண்டும். வெளியிலிருந்து ஸ்ப்ரே அடிப்பதை ஏற்காதீர்கள்.

ஈரப்பதத்தை எண்ணால் அறிவது

சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் ஈரப்பதமானி கிடைக்கிறது. மலிவானது தவறாகக் காட்டலாம், ஆகவே முதலில் சரிபாருங்கள். பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு வரும்வரை சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுதும் கரைந்துவிடக் கூடாது. மூடியையும் கருவியையும் ஒரு ஜிப் கவருக்குள் வைத்து மூடி, 8 முதல் 12 மணி நேரம் விட்டால் 75 காட்ட வேண்டும். 71 காட்டினால், இனி அந்தக் கருவி காட்டும் எண்ணோடு 4 கூட்டிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 30 முதல் 50 வரை இருந்தால் சிறப்பு. கார்த்திகை மழையில் வெளியே 85, 90 இருக்கும்போது ஜன்னல் திறந்த வீட்டில் 60 கேட்பது நியாயமல்ல. படுக்கையறையை மூடி, ஏசியை டிரை மோடில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். கருவியை ஏசிக் காற்று நேரே படாமல், படுக்கை உயரத்தில் வையுங்கள். 60-க்கு இறங்கினால் அந்த அறையைச் சமாளிக்கலாம். இரண்டு மணி நேரமாகியும் 70-ஐவிட்டு இறங்கவில்லை என்றால், ஏசி நல்ல நிலையில் இருக்கும் பட்சத்தில், ஈரம் சுவரிலிருந்தே வருகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

சாவி ஒரு நாள் கையில் கிடைத்தால் இன்னொன்றும் செய்யலாம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான, நிறமில்லாத பிளாஸ்டிக் தாளைச் சந்தேகமான சுவரில் நான்கு பக்கமும் டேப்பால் இடைவெளி இல்லாமல் ஒட்டி, 24 மணி நேரம் விடுங்கள். தாளின் உட்பக்கம் முத்துமுத்தாக நீர் கட்டினால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது.

அட்வான்ஸும் எழுத்தும்

முழு அட்வான்ஸைக் கொடுக்குமுன் இரண்டு மூன்று இரவு அங்கே தங்கிப் பார்க்க, அதற்குரிய வாடகையைக் கொடுத்து அனுமதி கேளுங்கள். வீட்டுக்காரரிடம் “டாக்டர் சொல்லியிருக்கார், ஒத்துக்கலைன்னா உடனே காலி பண்ணணும்” என்று நேராகச் சொல்லிவிடுவது நல்லது. உடல்நலக் காரணத்தால் 15 நாள் அறிவிப்பில் காலி செய்யலாம், மீதி அட்வான்ஸ் திரும்ப வரும் என்று ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேருங்கள். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டாலொழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. பத்து மாதம் கேட்கும் பழக்கம் சென்னையில் இன்னும் இருக்கிறது. ஆறு வாரத் தங்கலுக்கு அவ்வளவு பணத்தை முடக்கினால், வீடு ஒத்துக்கொள்ளாதபோது வெளியேறக் கை வராது. குடியேறும் அன்றே ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவையுங்கள்.

பழைய வீட்டிலிருந்து எதைக் கொண்டுபோகலாம்

மெத்தை, தலையணை, குஷன், அட்டைப்பெட்டி, பழைய புத்தகக் கட்டு எதுவும் வேண்டாம். துணிகளைத் துவைத்து வெயிலிலோ டிரையரிலோ முழுக்கக் காயவைத்து, மூடியுள்ள புதுப் பிளாஸ்டிக் டப்பாவில் எடுத்துப்போங்கள். பாத்திரம், மடிக்கணினி, எவர்சில்வர் சாமான்களைச் சோப்புநீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். படுக்க, நைலான் நாடா கட்டிலும் துவைத்த ஜமுக்காளமும் மிகச் சிறந்தவை. ஈரம் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. வீட்டோடு வரும் இலவம்பஞ்சு மெத்தையைப் பணிவாக மறுத்துவிடுங்கள்.

போன இடத்தில் ஈரத்தை நாமே உண்டாக்கக் கூடாது. கட்டிலைச் சுவரிலிருந்து அரையடி தள்ளிப் போடுங்கள். மழை நாளில் துணியை உள்ளே காயப்போட்டால், பிழிந்த பிறகும் அதில் மிஞ்சிய நீர் அறைக்காற்றுக்குத்தான் போகும். அந்தச் சில வாரங்களுக்கு டிரையர் உள்ள சலவைக் கடையில் கொடுங்கள். மழை ஓய்ந்து வெயில் அடிக்கும் 11 மணியிலிருந்து 3 மணி வரை ஜன்னலைத் திறந்துவையுங்கள், மற்ற நேரம் மூடியே இருக்கட்டும். ஹெப்பா எனப்படும் நுண்துகள் ஃபில்டர் உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் வித்தைப் பிடிக்கும், ஈரத்தைக் குறைக்காது. 12-க்கு 10 அறை, பத்தடி உயரம் என்றால் மணிக்கு 170 கன மீட்டராவது சுத்தமான காற்றுத் தருவதாக வாங்குங்கள். ஓசோன் விடும் கருவி வேண்டவே வேண்டாம், அது நுரையீரலை எரிச்சலூட்டும்.

ஆஸ்துமா உள்ளவர்கள், மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் காலையும் இரவும் ஊதி எண்ணை எழுதிவையுங்கள். நீங்கள் நலமாக இருக்கும்போது ஊதிய சிறந்த அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அந்த இடத்தைச் சந்தேகியுங்கள், டாக்டரிடம் பேசுங்கள். 50 சதவீதத்துக்குக் கீழே போனால் காத்திருக்காமல் மூச்சிரைப்பை உடனே தணிக்கும் இன்ஹேலரை எடுத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். இரவில் மோசமாகி, வெளியே நாலு மணி நேரம் இருந்தால் சரியாகிறது என்று இரண்டு மூன்று நாள் தொடர்ந்து தெரிந்தால், சுவர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வீட்டை மாற்றுங்கள்.

சொந்த வீட்டுக்குத் திரும்புமுன் அதே பிளாஸ்டிக் தாளைப் புதிதாகப் பூசிய சுவரில் ஒட்டிப் பாருங்கள். 24 மணி நேரம் கழித்தும் தாள் காய்ந்திருந்தால்தான் பெயிண்ட்டருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். பெயிண்ட் வாடை முழுக்கப் போன பிறகு மெத்தையை வாங்கிப் போட்டுக் குடிபோகலாம்.