கடோலினியம்: விடை சரி, வழி தப்பு

அணு எண் 57 முதல் 71 வரையிலான லாந்தனைடு வரிசையின் நடுவில், அணு எண் 64-இல் இருப்பது கடோலினியம். இதைப் படிக்கும்போது செய்கிற தவறுகள் பல வெளியே தெரிவதில்லை. தப்பான வழியில் போனாலும் விடை சரியாக வந்துவிடுவதுதான் சிக்கல்.

எலக்ட்ரான் அமைப்பையே பாருங்கள். செனானின் 54 போக மீதி 10 எலக்ட்ரான்கள். வரிசைப்படி நிரப்பிப் பழகியவர்கள் 4எஃப்-இல் 8, 6எஸ்-இல் 2 என்று எழுதுவார்கள். உண்மையில் 4எஃப்-இல் 7, 5டி-இல் 1, 6எஸ்-இல் 2. ஏழு எஃப் ஆர்பிட்டால்களிலும் தலா ஒன்று இருக்கும் நிலையில், எட்டாவது எலக்ட்ரான் உள்ளே வந்தால் ஏற்கெனவே இருப்பதோடு இணைந்தாக வேண்டும். அந்த விலக்கத்தைவிட 5டி-க்குப் போவதற்கு ஆற்றல் குறைவாகவே போதும். இப்போது +3 அயனியை எழுதச் சொல்லுங்கள். தப்பாக எழுதியவரும் 6எஸ்-இல் இரண்டு, 4எஃப்-இல் ஒன்று எடுத்துவிட்டு 4எஃப்-இல் 7 என்பார். சரியாக எழுதியவருக்கும் அதே 7. திருத்துகிறவர் அயனியை மட்டும் பார்த்தால் முழு மதிப்பெண்தான்!

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: கடோலினியத்தைப் பார்த்து எல்லா லாந்தனைடுகளுக்கும் 5டி-இல் ஒன்றைப் போட்டுவிடுவது. தனி அணுவில் லாந்தனம், சீரியம், கடோலினியம், லூட்டீசியம் ஆகிய நான்கில் மட்டுமே அது இருக்கிறது. பக்கத்திலேயே உள்ள யூரோப்பியத்தில் 4எஃப்-இல் 7, 6எஸ்-இல் 2, அவ்வளவுதான்.

காந்தத் திருப்புத்திறனில் இந்த ஏமாற்று இன்னும் அழகாக நடக்கிறது. இணையாத எலக்ட்ரான்கள் 7. தற்சுழற்சி மட்டும் சூத்திரப்படி 7-ஐ 9-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 7.94 போர் மேக்னட்டான் (காந்தத் திருப்புத்திறனின் அலகு). அளந்த மதிப்பும் ஏறக்குறைய அதுவே. சூத்திரம் எல்லா லாந்தனைடுக்கும் பொருந்தும் என்ற நம்பிக்கை இங்கேதான் பிறக்கிறது. டிஸ்ப்ரோசியம் +3-க்குப் போட்டுப் பாருங்கள்: இணையாதவை 5, கணக்கில் வருவது 5.92, உண்மை மதிப்போ 10.6-ஐ ஒட்டியது. 4எஃப் எலக்ட்ரான்கள் 5எஸ், 5பி கூடுகளுக்கு உள்ளே மறைந்திருப்பதால் அவற்றின் சுற்றுப்பாதைக் கோண உந்தம் அழியாமல் தங்கிவிடுகிறது; அதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். கடோலினியத்தில் பாதி நிரம்பிய கூட்டால் அந்தச் சுற்றுப்பாதை உந்தத்தின் கூட்டுத்தொகை சுழி. அதனால்தான் சூத்திரம் தப்பித்தது.

இணையாத எலக்ட்ரான் இருந்தால் நிறம் இருக்கும் என்பதும் இங்கே எடுபடாது. ஏழு இருந்தும் கடோலினியம் +3 உப்புகள் நிறமற்றவை. அது உட்கவரும் ஒளி புற ஊதாப் பகுதியில் இருக்கிறது.

உலோகத்தை இரும்பு மாதிரி எப்போதும் பெர்ரோகாந்தம் (காந்தத்தால் வலுவாக ஈர்க்கப்படுவது) என்று எழுதாதீர்கள். அதன் கியூரி வெப்பநிலை, அதாவது அந்தப் பண்பு மறையும் வெப்பநிலை, சுமார் 20 டிகிரி செல்சியஸ். பனிக்கட்டி நீரில் நனைத்த துண்டு காந்தத்தில் சட்டென்று ஒட்டும். உள்ளங்கையில் சற்று நேரம் வைத்து வெதுவெதுப்பாக்கினால் பிடி தளர்ந்துவிடும்.

அணு நிறை 157.25 என்பதால் நியூட்ரான்கள் 93 என்று கழித்து எழுதுவதும் வழக்கம். இயற்கையில் ஏழு ஐசோடோப்புகள் கலந்திருக்கின்றன. அதிகம் இருப்பது நிறை எண் 158 கொண்டது, அதில் நியூட்ரான்கள் 94. நியூட்ரானை அபாரமாக விழுங்குவதில் பேர்போன 157 மொத்தத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தப் பண்பு கருவுக்கு உரியது, எஃப் எலக்ட்ரான்களுக்கு அதில் வேலையில்லை. (தனிமத்தைக் கண்டுபிடித்தவர் கடோலின் என்று எழுதுவோரும் உண்டு, 1880-இல் கண்டறிந்தவர் மாரிக்னாக்.)

கடைசியாக, எம்ஆர்ஐ ஸ்கேனில் படம் தெளிவாகத் தெரிவதற்காக ஊசி வழியே செலுத்துவது கடோலினிய உலோகமோ வெறும் அயனியோ அல்ல. +3 அயனியின் அளவு கால்சியம் அயனியை ஒட்டியிருப்பதால், தனியாக விட்டால் உடலில் கால்சியத்தின் இடத்தில் புகுந்து கெடுக்கும். ஆகவே கொடுக்கிணைப்புச் சேர்மமாக, அதாவது அயனியைப் பல பக்கமும் பற்றிக்கொள்ளும் மூலக்கூற்றோடு, கட்டித்தான் தருகிறார்கள். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு அது உடலில் நெடுநேரம் தங்கும் என்பதால், செலுத்துமுன் சிறுநீரகச் செயல்பாட்டை விசாரிக்கிறார்கள்.