தோட்டக் கருவிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள், முக்கியமாகக் கவாத்துக் கத்தரியில்

கருவியை மழையில் போடாதே, துருப்பிடிக்க விடாதே, குழந்தை கைக்கு எட்டாமல் வை. இதெல்லாம் சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தால் என் கண்ணில் படுவது வேறு. தோட்டத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் ஒரு காலத்தில் செய்ததையெல்லாம் இவர்களும் ஒன்றுவிடாமல் செய்கிறார்கள்.

செட்டாக வாங்குவது

பெட்டியில் பத்துப் பன்னிரண்டு இருக்கும். கைக்கு வருவது மூன்றுதான். மண் அள்ளும் கைக்கரண்டி, களைக்கொத்து, கிளை நறுக்கும் கவாத்துக் கத்தரி. தரையில் குழி எடுப்பதானால் ஒரு மண்வெட்டி. மற்றதெல்லாம் தேவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கரண்டியின் கழுத்து

வாங்கும்போது எல்லோரும் பிடியின் நிறத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது தகடும் பிடியும் சேரும் கழுத்தை. மெல்லிய தகட்டை மடித்துச் செருகியது என்றால் இறுகிய மண்ணில் கொஞ்சம் நெம்பினாலே வளைந்துவிடும். நிமிர்த்தலாம், அடுத்த முறை அங்கேயே உடையும். நுனியைத் தரையில் ஊன்றி லேசாக அழுத்திப் பாருங்கள். கழுத்து ஆடினால் வேண்டாம்.

கவாத்துக் கத்தரி

இனி என் எரிச்சலுக்கு வருவோம்.

இதில் இரண்டு வகை. ஒன்றில் கூரான அலகு, எதிரே இருக்கும் கொக்கியை உரசியபடி கடந்து போகும், அது பைபாஸ். இன்னொன்றில் அலகு நேராக இறங்கி ஒரு தட்டையான பட்டையின் மேல் உட்காரும், அது ஆன்வில். காய்ந்த குச்சிக்கு ஆன்வில் நல்லது. பச்சைத் தண்டை அதில் வைத்தால் வெட்டுவதோடு நசுக்கவும் செய்யும். நசுங்கிய இடம் சீக்கிரம் ஆறாது. பூஞ்சை அந்த வழியாகத்தான் உள்ளே போகும்.

தெரிந்தவர் ஒருவர், ரோஜாவைக் கவாத்து செய்த பிறகு வெட்டிய நுனியிலிருந்து தண்டு கறுத்துக்கொண்டே இறங்குகிறது என்று வந்தார். கையில் இரண்டு பூச்சிமருந்துக் குப்பி. எதை அடிக்கட்டும் என்றார். முதலில் கத்தரியைக் காட்டுங்கள் என்றேன். ஆன்வில், அதுவும் மழுங்கியது. கை வலிக்காது என்று சொல்லி விற்றார்களாம். உண்மைதான், வலித்தது செடிக்கு. வெட்டிய இடமெல்லாம் பட்டை நாராகத் தொங்கியது. நல்ல தண்டு தெரியும்வரை இறக்கி மறுபடி வெட்டினோம். அதில் இரண்டு செடி பிழைக்கவில்லை.

சரி, பைபாஸ் வாங்கியாயிற்று. அதையும் கெடுக்க வழி இருக்கிறது. 2 சென்டிமீட்டருக்கு மேல் தடித்த கிளையை வாயில் கொடுத்து, வெட்டுப்படவில்லை என்றதும் மணிக்கட்டை இடமும் வலமும் திருகுவார்கள். அலகும் கொக்கியும் விலகி நடுவே மயிரிழை இடைவெளி விழும். அதன் பிறகு அந்தக் கத்தரி வெட்டாது, மெல்லும். நடு நட்டை இறுக்கினால் சில சமயம் சரியாகும். அலகே வளைந்துபோனால் ஆகாது. தடித்த கிளைக்குக் கைரம்பம் இருக்கிறது. கம்பிக்குக் குறடு இருக்கிறது. என் கத்தரியை இரவல் வாங்கிக் கட்டுக்கம்பியை வெட்டி, அலகில் பள்ளத்தோடு திருப்பித் தந்த மகராசனும் இருக்கிறார். அவருக்கு இப்போது நான் கயிறுகூடத் தருவதில்லை.

பிடிக்கும் பக்கமும் முக்கியம். கூரான அலகு, செடியில் மிஞ்சப்போகும் பக்கம் இருக்க வேண்டும். கொக்கி, வெட்டி எறியும் பக்கம். மாற்றிப் பிடித்தால் கொக்கி அழுத்திய காயம் செடியிலேயே தங்கிவிடும்.

தீட்டும்போது அலகின் சரிவான பக்கத்தை மட்டும் தீட்டுங்கள். தட்டையான பின்பக்கத்தைச் சரிவாகத் தேய்த்தால், நான் சொன்ன அதே இடைவெளியை நீங்களே உண்டாக்கியதாகும். அங்கே எழும் பிசிறை, கல்லைப் படுக்கையாக வைத்து ஒரு இழுப்பில் எடுத்தால் போதும். அப்புறம், நோய்ப்பட்ட செடியை வெட்டிய அலகோடு அடுத்த செடிக்குப் போகாதீர்கள். 70 சதவீத ஆல்கஹாலில் துடையுங்கள். ப்ளீச்சும் கிருமியைக் கொல்லும்தான், கூடவே இரும்பையும் அரிக்கும்.

களைக்கொத்தை ஆழமாக இறக்குவது

மேல்மண்ணை ஒட்டிச் சீவினாலே சின்னக் களைகள் வெயிலில் காய்ந்துவிடும். ஆழக் கிளறினால் அடியில் கிடந்த விதைகள் மேலே வந்து, வெளிச்சம் பட்டு முளைக்கும். கோரைக்கு மட்டும் இது செல்லாது. அதைக் கிழங்கோடு தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

ஈரக் களிமண்ணில் மண்வெட்டி

வேண்டாம். காயட்டும்.

ஆடும் காம்பு

மண்வெட்டிக் காம்பு தளர்ந்தால் தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்குகிறார்கள். மரம் உப்பி அன்றைக்கு நிற்கும். காய்ந்ததும் முன்பைவிட மோசமாக ஆடும், வேலை நடுவே தலை கழன்று பறக்கவும் செய்யும். ஆப்பு அடியுங்கள். காம்பில் கீறல் இருந்தால் ஆப்பும் உதவாது, காம்பையே மாற்றுங்கள்.