கீசரைக் கெடுத்த உப்புத் தண்ணீர்

மதுரை திருநகரில் எங்கள் 15 லிட்டர் கீசர் சொட்டியதும், தொட்டியே ஓட்டை என்று கைவிரித்தார் பழுது பார்க்க வந்தவர். எனக்கு நம்பிக்கையில்லை. மின்சாரத்தைத் துண்டித்து, தண்ணீரை அடைத்து, ஆறவிட்டு வடித்தேன். கீழ்மூடியைக் கழற்றினால் ஒரு சொம்பு சுண்ணாம்புச் சில்லு! போர்வெல் தண்ணீரின் கொடை. வெற்றிலைக்கு ஆகுமா என்றார் அம்மா. தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபட வேண்டிய மக்னீசியக் கம்பி கரைந்து ஈர்க்குச்சியாகியிருந்தது. ஒழுகியதோ வெடித்துப்போன ரப்பர் வாஷரில். பழையதைக் கடையில் காட்டி அதே அளவில் வாங்கினேன், கம்பியையும் மாற்றினேன். போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக முடுக்கினேன். வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக வந்த பிறகே சுவிட்சைப் போட்டேன். சூடேறும்போது பாதுகாப்பு வால்வில் மட்டும் சில சொட்டு விழுகிறது. அது ஒழுகல் அல்ல, விரியும் தண்ணீர்.