புதுப் பாட்டு தேட ஒரு வழி

செயலி தானாக எடுத்துப் போடுவது பெரும்பாலும் நாம் ஏற்கெனவே கேட்டதன் சாயல்தான். புதுசாக வேண்டுமென்றால், யாரோ ஒரு ரசிகர் உட்கார்ந்து கோத்த பிளேலிஸ்ட்டைத் தேடுங்கள். யூடியூபில் தேடிய பிறகு ஃபில்டரில் பிளேலிஸ்ட்டைத் தேர்ந்தெடுக்கலாம். ஸ்பாட்டிஃபையிலும் அப்படிப் பிரித்துப் பார்க்க வழியுண்டு.

தேடுசொல்தான் முக்கியம். ‘மெலடி’ என்று போட்டால் கடல். நம்ம காரைக்குடியிலிருந்தே தொடங்குங்களேன்: ‘காரைக்குடி சாம்பசிவ ஐயர் வீணை’, மிருதங்கம் என்றால் ‘காரைக்குடி மணி’. அவற்றைச் சேர்த்து வைத்தவர் பக்கத்திலேயே வேறு யாரை வைத்திருக்கிறார் என்று பாருங்கள். அங்கேதான் புதுப் பெயர்கள் அகப்படும். ‘நகரத்தார் தாலாட்டு’ என்றும் தேடலாம். வீட்டில் ஆச்சி இருந்தால் கூட உட்காரவையுங்கள், மெட்டு சரியா என்று அவரே சொல்லிவிடுவார்.

ஆயிரம் பாட்டு உள்ள பட்டியலை நான் தொடுவதில்லை. கண்டதை அள்ளிப் போட்டிருப்பார்கள். முப்பது, நாற்பது போதும். நல்ல பட்டியல் அமைந்தால் அதைச் செய்தவரின் பெயரைத் தட்டுங்கள், அவர் பொதுவில் வைத்த மற்றவையும் வரும். பிடித்த பாட்டை உடனே உங்கள் பட்டியலில் போட்டுக்கொள்ளுங்கள். யூடியூபில் அவர் தன் பட்டியலை அழித்துவிட்டால் உங்களுக்கும் அது போய்விடும்.