பழைய பொம்மை வீட்டை நம்மூர் வீடாக்குவது எப்படி? (ஐப்பசியில் மட்டும் தொடங்காதீர்கள்)

கும்பகோணத்தில் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தது. பீரோ, கட்டில், ஆட்டுக்கல்லுக்கெல்லாம் ஆள் வந்துவிட்டது. சிங்கப்பூரில் இருந்தபோது மகளுக்கு வாங்கிய பொம்மை வீட்டை மட்டும் யாரும் கேட்கவில்லை. 1,200 ரூபாய்க்கு நான் எடுத்துக்கொண்டேன். மாயவரம் பேருந்தில் நடத்துனர் அதற்கும் ஒரு லக்கேஜ் டிக்கெட் போட்டார்.

24 அங்குல அகலம், 12 அங்குல ஆழம். மேலே மூன்று அறை, கீழே மூன்று அறை. முன்பக்கம் இரட்டைக் கதவு போலத் திறக்கும். அசல் வெள்ளைக்காரத் துரை வீடு: ரோஜாப்பூ சுவர்த்தாள், ஒடிந்த புகைபோக்கி, அடுப்படிச் சுவரில் யாரோ ஸ்கெட்ச் பேனாவால் போட்டுப் பார்த்த கழித்தல் கணக்கு. இதைத் திண்ணையும் முற்றமும் உள்ள டெல்டா வீடாக்கி அடுத்த கொலுவில் வைப்பது என்று முடிவு செய்தேன். வைத்தும்விட்டேன். நடுவில் ஒருமுறை தூக்கி எறியப் போனேன், அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

முதலில், அது எதனால் ஆனது என்று பாருங்கள்

தீபாவளி முடிந்த வாரம். வீட்டில் தூசும் ஒட்டடையும். கொல்லைப்புறத்துக்குக் கொண்டுபோய், சோப்புத் தண்ணீரும் ஹோஸுமாக நன்றாகக் கழுவினேன். அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் விடவில்லை. ஐந்தாம் நாள் பார்த்தால் சுவர்களின் அடி ஓரமெல்லாம் ஊறிய அப்பளம் போல உப்பிக்கொண்டு நிற்கிறது.

தெருக்கோடி மர ஆசாரியிடம் காட்டினேன். நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது மரமே இல்லையே, மரத்தூளை அமுக்குன பலகைல்ல? இதப்போய் குளிப்பாட்டியிருக்கியே" என்றார்.

எம்.டி.எஃப் என்கிற பலகை. மர நாரையும் பிசினையும் கலந்து சூட்டில் அழுத்திச் செய்வது. மேல்பரப்பு கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். வெட்டிய ஓரம்தான் பலவீனம், தண்ணீரை உறிஞ்சிவிடும். ஒருமுறை உப்பினால் காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. ஆகவே, வாங்கியவுடன் உங்கள் வீட்டின் அடியில் பெயின்ட் உரிந்த ஓர் ஓரத்தைப் பாருங்கள். அடுக்கடுக்காக வரி தெரிந்தால் பிளைவுட். வரியே இல்லாமல் பழுப்பாக, அழுத்திய அட்டை போல இருந்தால் எம்.டி.எஃப். ரேகை ஓடினால் மரம், நீங்கள் கொடுத்துவைத்தவர். எதுவானாலும் சுத்தம் செய்யக் காய்ந்த பிரஷும், நன்றாகப் பிழிந்த துணியும் போதும்.

உப்பிய ஓரத்தைச் சரிசெய்வது

எனக்கு மூன்று வாரம் பிடித்த வேலை இது. மற்றதையெல்லாம் வேகமாகப் படித்தாலும் இதை நிதானமாகப் படியுங்கள்.

முதலில் காய வேண்டும். வெயிலில் வைக்காதீர்கள், பலகை கோணிக்கொள்ளும். ஃபேனுக்கு அடியில், நான்கு செங்கல் மேல் தூக்கி வைத்து, குறைந்தது ஒரு வாரம். தொட்டால் சில்லென்று இருக்கிற வரை ஈரம் உள்ளே இருக்கிறது.

காய்ந்ததும் உப்பிய பகுதியை 120ஆம் நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். உப்புத்தாளை ஒரு கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள், கையால் தேய்த்தால் பள்ளம் விழும். கட்டாயம் முகக்கவசம் போடுங்கள், இந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. இன்னொன்று: நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பெயின்ட், எங்கே அடித்ததென்று தெரியாத பெயின்ட் என்றால் அதைத் தேய்த்துத் தூசு கிளப்பாதீர்கள். உரியாமல் ஒட்டியிருக்கிற இடத்தில் மேலேயே பிரைமர் அடித்து மூடிவிடுங்கள். உப்பிய ஓரத்தில் பெயின்ட் ஒட்டிக்கொண்டிருந்தால், அதைத் தேய்ப்பதைவிடக் கத்தியால் சீவி எடுப்பது மேல். குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

தேய்த்த ஓரம் பஞ்சு போல இருக்கும். அதன் மேல் நேரே தண்ணீர் பெயின்ட் அடித்தால் மறுபடி உப்பும். இதற்கு ஆசாரி சொன்ன மருந்து பிரெஞ்ச் பாலிஷ். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தது, ஹார்டுவேர் கடையில் பாட்டிலாகவே கிடைக்கிறது. தண்ணீர் இல்லாததால் நார் உப்பாது, சீக்கிரம் காய்கிறது. ஒரு பூச்சு அடித்து, காய்ந்ததும் 220இல் லேசாகத் தேய்த்து, இன்னொரு பூச்சு. ஓரங்களுக்கு மூன்றாவதும் அடித்தேன்.

இங்கேதான் இரண்டாம் முறை சறுக்கினேன். ஒரு கார்த்திகை மாதத்து நாள், வெளியே சாரல். அடித்த அரை மணியில் பாலிஷ் முழுக்க வெளுத்து, நீராவி படிந்த கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. கடைக்காரர் மட்டமான சரக்கைக் கொடுத்துவிட்டார் என்று மனசுக்குள் திட்டினேன். சரக்கு நன்றாகத்தான் இருந்தது. ஸ்பிரிட் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் படிந்து அரக்குக்குள் மாட்டிக்கொள்கிறது. அவ்வளவுதான். வெயில் வந்த ஒரு நாளில், ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரே இழுப்பாக மெல்ல வருடினேன், வெளுப்பு போய்விட்டது. அழுத்தித் தேய்த்தால் பாலிஷே கையோடு வந்துவிடும்.

ஆக, அடைமழைக் காலத்தில் வாங்கலாம், வேலை ஆரம்பிக்காதீர்கள். பொங்கல் முடிந்து தொடங்கினால் பங்குனிக்குள் எல்லாம் காய்ந்து நிற்கும். ஃபெவிகால்கூட ஐப்பசியில் ஒரு ராத்திரி முழுக்கப் பிசுபிசு என்றுதான் இருக்கிறது.

அளவு

உலகம் முழுக்கப் பெரும்பாலான பொம்மை வீட்டுக்காரர்கள் பின்பற்றுவது 1:12. அதாவது நிஜத்தில் ஓர் அடி, இங்கே ஓர் அங்குலம். இங்கிலாந்தில் வின்ட்சர் கோட்டையில் இருக்கும் மேரி ராணியின் பொம்மை வீடும் இந்த அளவுதான். 1924இல் முடித்த அதை வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ், புது தில்லியைக் கட்டிய அதே ஆள். ஒரு பக்கம் வைஸ்ராய் மாளிகை, இன்னொரு பக்கம் இது. அடி ஸ்கேலை வைத்திருக்கும் நமக்கு இதைவிடச் சுலபமான கணக்கு கிடையாது.

முதல் வேலையாக ஐந்தரை அங்குலத்தில் அட்டையில் ஓர் ஆளை வெட்டிக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது பையில் அவர் இருக்கட்டும். கொலு சீசனில் சொப்புச் சாமான் கண்ணைப் பறிக்கும். இரண்டு அங்குல உயரப் பித்தளைக் குடம் அழகாக இருக்கிறதே என்று வாங்கி வந்தேன். அட்டை ஆளின் பக்கத்தில் வைத்தால் அவர் முழங்காலுக்கும் மேலே நிற்கிறது, நெல் ஊறப்போடலாம். முக்கால் அங்குலம், ஓர் அங்குலக் குடம்தான் சரி. நாச்சியார்கோயிலில் வாங்கிய இரண்டு அங்குலக் குத்துவிளக்கு மட்டும் தப்பித்தது, இரண்டடி விளக்கு கூடத்தில் நிற்கக்கூடியதுதானே. பார்பி பொம்மையை இந்த வீட்டில் குடிவைக்க நினைக்காதீர்கள். பதினொன்றரை அங்குலம், விட்டத்தில் தலை இடிக்கும்.

முற்றமும் திண்ணையும்

நடு அறையின் மேல்தளத்தில் ஆறுக்கு ஆறு அங்குலம் சதுரம் வரைந்து, மூலையில் துளை போட்டு, ஹாக்ஸா பிளேடால் அறுத்து எடுத்தேன். மேல் கூரையிலும் அதே நேருக்கு ஒரு சதுரம். இப்போது மேலிருந்து வெளிச்சம் நேரே கீழே விழுகிறது. அறுத்த ஓரம் ஒவ்வொன்றும் புது ஓரம், உடனே பாலிஷ் அடித்தாக வேண்டும். முற்றத்துத் தரையை மட்டும் சுற்றியுள்ள தாழ்வாரத்தைவிடக் கால் அங்குலம் தாழ்வாகக் காட்ட வேண்டும். தரையைத் தோண்ட முடியாது, ஆகவே சுற்றிலும் கால் அங்குலப் பலகை ஒட்டி உயர்த்தினேன்.

முன்கதவுகள் இரண்டையும் கழற்றிவிட்டேன். அந்தப் பலகையையே அறுத்து முன்னால் நான்கு அங்குலத்துக்கு நீட்டினால் திண்ணைக்கு அடித்தளம் ஆயிற்று. தூண்களுக்கு அரை அங்குலப் பருமனில் உருட்டுக் குச்சி. பென்சிலை வைத்துப் பார்த்தேன், உயரம் கச்சிதமாக ஏழு அங்குலம், ஆனால் பந்தல்கால் போல ஒல்லியாகத் தெரிகிறது.

தரை, சுவர்

சிவப்புத் தரைக்கு என் சிபாரிசு ஒன்றே ஒன்றுதான்: இரும்பு கேட்டுக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடு பிரைமர். கைவினைக் கடை அக்ரிலிக்கில் மூன்று கலர் கலந்தும் வராத அந்தப் பழைய வீட்டுச் சிவப்பு, சின்ன டின்னைத் திறந்ததும் அப்படியே இருக்கிறது. எண்ணெய்ச் சார்புள்ளது, பலகையையும் உப்ப வைக்காது. இரண்டு பூச்சு. இரண்டு நாள் காய்ந்த பிறகு நிறமில்லாத ஷூ பாலிஷை மெல்லிசாகத் தடவிப் பழைய பனியனால் தேய்த்தால், பாட்டி தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்த கூடம் மாதிரி மினுமினுக்கும்.

சுவருக்கு முதலில் எண்ணெய் மர பிரைமர், அப்புறம் பட்டி பார்த்து, மேட் வெள்ளை. பளபளப்பு வெள்ளை அடித்தால் குளியலறை ஆகிவிடும். வெள்ளையில் ஒரு சிட்டிகை மஞ்சள் காவி கலந்தால் சுண்ணாம்புச் சுவர். ரோஜாப்பூத் தாளை நான் பிய்த்தே எடுத்துவிட்டேன், கணக்குப் போட்ட அடுப்படிச் சுவரை மட்டும் விட்டுவிட்டேன். கழித்தலில் விடை தப்பு.

நாட்டு ஓடு

தமிழ்நாட்டில் 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் ஸ்ட்ரா தடையானதிலிருந்து ஜூஸ் கடையில் காகித ஸ்ட்ரா கொடுக்கிறார்கள். ஜூஸ் குடிக்க எனக்கு அது பிடிக்காது. ஆனால் ஆறு மில்லிமீட்டர் ஸ்ட்ராவை நீளவாக்கில் பிளந்தால், 1:12 அளவில் மூன்று அங்குல நாட்டு ஓடு!

ஸ்ட்ராவுக்குள் மூங்கில் குச்சியைச் செருகி, பிளேடை மேலே வைத்து உருட்டினால் நசுங்காமல் வளையம் வளையமாக வரும். ஒன்றேகால் சென்டிமீட்டர் துண்டுகள். ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிளந்தால் 20 சென்டிமீட்டர் ஸ்ட்ரா ஒன்றுக்கு 32 ஓடு. என் திண்ணைத் தாழ்வாரம் 61 சென்டிமீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் சரிவு. வரிசைக்கு நூறு ஓடு, பத்து வரிசை, ஆக ஆயிரம். கெட்டுப்போவதையும் சேர்த்து நாற்பது ஸ்ட்ரா வாங்கிக்கொள்ளுங்கள். கீழ் வரிசையிலிருந்து மேலே ஏறுங்கள், ஒவ்வொரு வரிசையும் கீழே உள்ளதன் மேல் கொஞ்சம் ஏறி உட்காரட்டும். ஒட்டி முடித்து அதே ரெட் ஆக்சைடை அடித்து, ஆங்காங்கே கறுப்பு தொட்டு எடுத்தால் பாசி பிடித்து வெளிறிய ஓடு. கோணல் மாணலாக வந்தால் கவலையே வேண்டாம், நேராக நிற்கும் நாட்டு ஓட்டை நான் பார்த்ததில்லை.

விளக்கு, சாமான்

5 வோல்ட் யு.எஸ்.பி எல்.இ.டி பட்டை, மஞ்சள் வெளிச்சம், மொபைல் சார்ஜர். போதும். கரன்ட்டில் நேரே செருகும் சீரியல் செட்டை உள்ளே விடவே விடாதீர்கள். வயர் போகும் துளையைச் சுவருக்கு வெள்ளை அடிக்கும் முன்பே போடுங்கள்.

ஊஞ்சல் சங்கிலிக்குச் சிதம்பரம் கவரிங் செயின் ஒன்று அறுந்து கிடந்தது. பத்தாயம் ஐஸ் குச்சியில். கோரைப்பாயை வெட்டிப் போட்டுப் பார்த்தேன், கோரை ஒவ்வொன்றும் மூங்கில் கழி மாதிரி தெரிந்தது. கெட்டிக் கதர்த் துணியில் டீ டிகாஷன் தடவி ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டது பாயாகிவிட்டது.

பின்சேர்க்கை

இதைப் பார்த்துச் செய்தவர்களுக்கு வந்த சிக்கல்கள்:

திருவாரூரிலிருந்து ஒருவர்: புகைபோக்கிக்குத் தெர்மகோல் வைத்து ஸ்ப்ரே பெயின்ட் அடித்தாராம், பாதி காணாமல் போய்விட்டது. அந்தக் கரைப்பான் தெர்மகோலைத் தின்றுவிடும். அக்ரிலிக்கைப் பிரஷால் அடியுங்கள்.

இன்னொருவர் மைதாப் பசையில் காகிதம் ஒட்டி, எறும்பு வரிசை கட்டியிருக்கிறது. பைண்டிங் செய்பவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், ஆனால் அது விஷம். குழந்தைகள் கைவைக்கும் பொம்மை வீட்டில் அந்த வேலையே வேண்டாம், ஃபெவிகாலே போதும்.

பிளைவுட் வீடு அடுக்கு பிரிந்தால்? ஊசியில்லாத சிரிஞ்சில் ஃபெவிகாலை இடுக்கில் ஏற்றி, மேலே மெழுகுத்தாள் வைத்து, அம்மிக்குழவியைத் தூக்கி வைத்துவிடுங்கள். ஒரு ராத்திரி. ஐப்பசி என்றால் இரண்டு ராத்திரி.

கிணறு எங்கே என்று கேட்டவர்களுக்கு: கொல்லைப்புறம் இப்போதுதான் நடக்கிறது. தீர்ந்துபோன மாஸ்கிங் டேப்பின் உருளை மூன்று அங்குலம், மூன்றடிக் கிணற்றுக்குக் கனகச்சிதம். உள்ளும் புறமும் பிரெஞ்ச் பாலிஷ் அடித்து ஜன்னலோரம் காய வைத்திருக்கிறேன், அதுவும் அட்டைதானே.