கை நடுக்கத்துக்கு பென்செக்சோல் தந்திருக்காங்களா? வீட்டுல பாத்துக்க வேண்டியது

பாக்கின்சன் எண்டு அப்பாவுக்கோ அம்மம்மாவுக்கோ கிளினிக்ல பென்செக்சோல் குளிசை எழுதியிருந்தா முதல்ல ஒண்டு விளங்கிக்கங்க, இது நோயை மாத்துற மருந்தில்ல, முக்கியமா நடுக்கத்தைக் குறைக்கத்தான். மூளையில டோபமின் எண்ட இரசாயனம் குறையக்குள்ள அசற்றைல்கோலின் எண்ட இன்னொரு இரசாயனத்தின்ட கை ஓங்கிரும், அதை இந்தக் குளிசை கொஞ்சம் அமத்தி வைக்குது. நடை மெதுவாப் போறது, கிறுகக்குள்ள தடுமாறுறது, இதுக்கெல்லாம் பெரிசா உதவாது, அதுக்கு லெவோடோபா எண்ட வேற மருந்துதான். ஆனா தேத்தண்ணிக் கோப்பை பீரிசில கடகடக்கிற அந்த நடுக்கத்துக்கு நல்லாக் கேக்கும், வயசு குறைஞ்ச ஆக்களுக்கு இன்னும் நல்லம்.

வழமையா 2 மில்லிகிராம் குளிசையில பாதியில தொடங்கி, மறுகா சில நாளுக்கு ஒருக்கா கூட்டுவாங்க. நடுக்கம் நிக்கல்ல எண்டு நீங்களாக் கூட்ட வேணாம், வாய் காயுது எண்டு டக்கெண்டு நிப்பாட்டவும் வேணாம், நிப்பாட்டுறதும் படிப்படியாத்தான், இல்லாட்டி நடுக்கமும் இறுக்கமும் மோசமாத் திரும்பி வரும்.

வாய் காய்ஞ்சா அடிக்கடி ஒரு மிடறு தண்ணி. மலச்சிக்கலுக்கு கீரை, பழம், தண்ணி. வெயில்தான் நம்மட பக்கத்துல பெரிய விஷயம், இந்த மருந்து வேர்வையைக் குறைக்கும், கச்சான் காத்து அடிக்கிற மாதத்துல உடம்பு சூட்டை வெளியேத்த ஏலாமப் போயிரும், அதனால பகல்ல வயல் பக்கம் அனுப்பாதீங்க, வேர்க்கல்லயே எண்டு சந்தோசப்படவும் வேணாம்.

வயசானவங்கட புத்தியைத்தான் கூடக் கவனிக்கணும். மோசம்போன ஆச்சி முத்தத்துல நிக்கிறா எண்டு சொல்லுவாங்க, நேரம் காலம் மாறிக் கதைப்பாங்க, உடனே பேய் பாத்திட்டு எண்டு நூல் கட்டக் கூட்டிட்டு ஓடாம குளிசையை யோசிச்சு டொக்டர்ட்ட சொல்லுங்க. 70 தாண்டினவங்களுக்கு இதை டொக்டர்மாரே யோசிச்சுத்தான் குடுப்பாங்க. சலம் போக ஏலாம அடைச்சா, இல்லாட்டி கண் சிவந்து வலிச்சு பார்வை மங்கினா, அடுத்த கிளினிக் தேதி வரைக்கும் பாத்திருக்காம மட்டக்களப்போ கல்முனையோ கிட்ட உள்ள ஆஸ்பத்திரிக்கு அண்டைக்கே போங்க. கண்ணுல குளோக்கோமா எண்ட கண் அழுத்த நோய், ஆம்பிளையளுக்கு புரொஸ்ரேட் வீக்கம் இருந்தா மருந்து தொடங்க முதலே சொல்லணும்.

தடிமனுக்கு பாமசியில பிரிற்றன் குளிசை வாங்கிக் குடுக்கிற பழக்கம் நம்மட ஆக்களுக்கு நல்லாவே இருக்கு, அதுவும் இதே மாதிரி வாயைக் காய வைச்சு புத்தியை மந்தமாக்கிற சாதிதான், ரெண்டும் சேந்தா கூடிரும், எந்தப் பாமசிக்குப் போனாலும் கிளினிக் கொப்பியைக் காட்டிட்டு வாங்குங்க.